அங்கம்மா மறுத்த நாள்

கலியாணம் முடித்து நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு நான் வந்து சேர்ந்த காலத்தில் எனக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். என் கணவர் கனகசுந்தரம் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர். மானிப்பாய் வெயிலில் வளர்ந்த எனக்கு அங்கே குளிர் பிடிக்கவில்லை, அட்டைக்கடி பிடிக்கவில்லை, தோட்டத்துத் தொழிலாளி அங்கம்மாவையும் பிடிக்கவில்லை.

எல்லாம் மிளகாய்த்தூளால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை வந்து தூள் இடித்துத் தருவாயா என்று அவளிடம் கேட்டேன். "ஆமாங்கம்மா" என்றாள். நான் மிளகாயையும் மல்லியையும் வறுத்து வைத்துக்கொண்டு தும்மித் தும்மிக் காத்திருந்தேன். ஆள் வரவேயில்லை. மறுநாள் வழியில் கண்டபோது ஒன்றுமே நடவாததுபோலச் சிரித்துக்கொண்டு போனாள். பொய்காரி, புளுகி என்று வீட்டுக்குள் நின்று திட்டித் தீர்த்தேன்.

அவள் பொய்காரி அல்ல என்பது விளங்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். காய்ச்சலோ, வயிற்றில் பிள்ளையோ, என்ன இருந்தாலும் அங்கே "என்னால் முடியாது" என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. "ஆமாங்க" என்று தலையை ஆட்டுவார்கள். முடிந்தவர் போவார், முடியாதவர் போகமாட்டார். கங்காணிக்கும் அது தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். கதிரையில் இருப்பவருடைய முகத்துக்கு நேரே மறுப்பது அங்கே மரியாதைக் கேடு. முந்திய காலத்தில் அது முதுகுக்கும் கேடாக இருந்தது. அதனால் வாய் சம்மதிக்கும், கால் மறுக்கும். என் மிளகாயையும் அவள் அப்படித்தான் மறுத்திருக்கிறாள். அந்த ஞாயிறு அவளுடைய கடைசிப் பிள்ளைக்குக் கக்குவான் இருமல் என்று பிறகுதான் அறிந்தேன்.

அதன் பிறகு நான் அவளிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு அவள் கால்களைப் பார்க்கப் பழகினேன். எங்களுக்குள் ஒரு சிநேகமும் வந்தது.

அவளுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் தகரக் கூரைக் கட்டடத்துக்கு அங்கே அதுதான் பெயர். பழஞ்சேலை ஏணைகள் வரிசையாகத் தொங்கும். ஒன்று அழுதால் அத்தனையும் அழும். அங்கம்மா ஒன்றைக் கையால் ஆட்டி, இன்னொன்றைக் காலால் ஆட்டி, மூன்றாவதை வாயால் மிரட்டி எல்லாவற்றையும் தூங்கவைத்துவிடுவாள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்ன மனிதர் எங்கள் தோட்டத்தை எட்டிப் பார்த்ததில்லை. அவளுடைய மூத்த மகள் காத்தாயி நடை பழகிய வயதில், அதற்கு ஒரு காய்ச்சல் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றக்கூடாதென்று அதைத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில், பக்கத்துக் காம்பராக்காரியின் பொறுப்பில் விட்டுவிட்டு அங்கம்மா வேலைக்குப் போனாள். அவள் ஊரார் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் காத்தாயி அடுப்புக்குள் கையை விட்டுவிட்டது. என் கணவர்தான் மருந்து கட்டினார். புண் ஆறியது. ஆனால் வலக்கை விரல்கள் நான்கும் மடிந்து உள்ளங்கையோடு ஒட்டிப்போயின.

கொழுந்தெடுக்க இரண்டு கையும் வேண்டும். லயத்துப் பெண்பிள்ளைக்கு அதைவிட வேறு பிழைப்பு இல்லை. பிழைப்பில்லாத பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற கேள்வியையும் லயத்துப் பெண்கள் அங்கம்மாவின் காதில் விழும்படிதான் கேட்டார்கள். அப்படி ஒட்டிப்போன கையைச் சரிப்படுத்தத் தெரிந்த டாக்டர் அந்நாளில் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

கை ஒரு கவலை என்றால் அதற்கு மேல் இன்னொரு கவலையும் அந்த வீட்டில் இருந்தது. அந்த வருடங்களில் தோட்டத்தில் எங்கே திரும்பினாலும் பிரஜாவுரிமைப் பேச்சுத்தான். இந்த மலையிலேயே பிறந்து இந்த மலையிலேயே தேய்ந்தவர்கள், நாங்கள் இந்த நாட்டு ஆட்கள்தான் என்று மனுப் போட்டுவிட்டுப் பதுளைக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், விசாரணைக்குப் போய் நிற்கவேண்டும். அங்கம்மாவின் கணவன் சடையனும் மனுப் போட்டிருந்தான். ஒருமுறை விசாரித்துவிட்டு மறுதவணை கொடுத்திருந்தார்கள். பெண்சாதி பிள்ளைகள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்களா, யாராவது இந்தியாவுக்குப் போனார்களா என்று அதிகாரி துருவித் துருவிக் கேட்டாராம். பிள்ளை ஒன்று அக்கரையில் இருக்கிறது என்பதற்காகவே பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று கதை வந்தது. "முடிவு வர்ற வரைக்கும் ஒரு குஞ்சு கூடக் கடலைத் தாண்டப்படாது" என்று பெரிய கங்காணி லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. யாழ்ப்பாணத்தாரை நீ எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நாங்களும் அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், ஐம்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதத்தில், திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஊழியக் குழு ஒன்று கப்பலேறி வந்தது. பண்டாரவளையில் தங்கிக்கொண்டு நாளுக்கொரு தோட்டமாகப் போய் மருந்தும் கொடுத்து, சுவிசேஷமும் சொல்லிவிட்டுத் திரும்புவது அவர்களுடைய திட்டம். எங்கள் தோட்டத்துக்கும் ஒரு நாள் தரும்படி என் கணவர்தான் கெஞ்சி ஏற்பாடு செய்தார். சேர்ச்சில் அவருக்கு அன்று முதல் ஒரு தனி நடை வந்துவிட்டது.

குழுவில் ஒரு பெண் டாக்டர், ஒரு போதகர், இரண்டு தாதிமார். டாக்டர் லீதியாளுக்கு முப்பது வயதுகூட இராது. மிஷன்காரர் என்றால் வெள்ளைச் சேலையும் நீண்ட ஜெபமுமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் லொறியிலிருந்து குதித்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "தண்ணி எங்க கொதிக்குது?" என்று கேட்டார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. போதகர் அருமைநாயகம் வேறு மாதிரி. வெண்கல மணிபோலக் குரல், அதைவிடப் பெரிய உருவம், கையில் ஒரு சுருட்டுப் படங்கள்.

பிள்ளைக் காம்பராவில்தான் முகாம். அங்கம்மா முதல் நாளே தரையைத் தேய்த்துக் கழுவி, ஏணைகளை அவிழ்த்து, வெள்ளைத் துணி கட்டி மறைப்புச் செய்திருந்தாள். அன்று அவளுடைய வேலைக்கு ஓர் எல்லை இல்லை. வெந்நீர் சுமந்தாள், வரிசையை ஒழுங்கு செய்தாள், சிரங்குப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். தாய் பிடித்தால் திமிறும் பிள்ளை அங்கம்மாவின் மடியில் அடங்கிக் கிடந்தது. கட்டி கீறும்போது அதன் கண்ணைத் தன் கையால் பொத்திக்கொண்டு ஏதோ கதை சொன்னாள்.

"அங்கம்மா, நீங்க மட்டும் இல்லேன்னா இன்னைக்கு எங்க பாடு திண்டாட்டம்தான். செத்த நேரம் உக்காருங்க" என்று டாக்டர் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார்.

"ஆமாங்க" என்றாள் அங்கம்மா. உட்காரவில்லை. நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

டாக்டர் மத்தியானம்வரை தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளை அப்படித் தொட்டுப் பார்த்தவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. சீழ் வடியும் காதை முகர்ந்து பார்த்தார். பேன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

காத்தாயி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது அந்த நேரத்தில்தான். ஏழு வயதுப் பெண். இடக்கையால் தூக்கி வருவாள், வலக்கையைச் சட்டை மடிப்புக்குள் மறைத்துக்கொள்வாள். டாக்டர் கண்டுவிட்டார்.

"கையக் காட்டு கண்ணு."

காத்தாயி தாயைப் பார்த்தாள். தாய் தலையை அசைத்தாள். டாக்டர் அந்தக் கையை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, ஒட்டியிருந்த ஒவ்வொரு விரலையும் மெல்ல மெல்ல அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"உள்ள எலும்பு நல்லா இருக்கு. தோல்தான் ஒட்டியிருக்கு. இதப் பிரிச்சு விடலாம்மா. தொடையிலருந்து தோல் எடுத்து வைக்கணும். ரெண்டு மூணு தடவை பண்ண வேண்டியிருக்கும். அரை வருஷத்துக்கு மேல எங்க ஆஸ்பத்திரியில இருக்கணும். செலவு எல்லாம் எங்களோடது."

"பிரிச்சா கொழுந்து எடுக்கலாங்களா?" என்று கேட்டாள் காத்தாயி. தாய் கேட்கவேண்டிய கேள்வியை மகள் கேட்டாள்.

"கொழுந்து மட்டுமா? எழுதலாம், தலை பின்னலாம், எங்க வேணாலும் தொத்தி ஏறலாம்."

காத்தாயி அந்தக் கையை மறுபடி சட்டைக்குள் மறைக்கவில்லை. அதைத் தன் முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அங்கம்மாவிடம் திரும்பினார். "இன்னைக்கு எங்ககூடவே பண்டாரவளைக்கு வந்தாத்தான் போட்டோ பிடிச்சு பாஸ் வாங்க முடியும். இந்த வாரம் நாங்க கிளம்புறோம். அனுப்புறீங்களாம்மா?"

"ஆமாங்க."

"வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரே?"

"ஆமாங்க."

"பயப்படாதீங்க. வேத்து ஊருக்கா கூட்டிட்டுப் போறோம்? நம்ம ஊருக்குத்தானே."

அதற்கும் "ஆமாங்க" என்றாள். சட்டியில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

நான் உடனே கணவரைத் தனியாக அழைத்துப் போனேன்.

"இஞ்சேருங்கோ, சடையன்ர விசாரணை முடியேல்லை. இந்த நேரத்திலை பிள்ளையை இந்தியாவுக்கு அனுப்பினால் அதுகளின்ர மனு என்னாகும்?"

"தாய்க்காரியே ஓமெண்டு சொல்லிப்போட்டாள். நீர் ஏன் குறுக்கை நிக்கிறீர்?"

"அவள் ஓமெண்டு சொன்னால் என்ன அர்த்தமெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

அவருக்குத் தெரியாததல்ல. பத்து வருடமாக அந்த மக்களுக்கு மருந்து கலந்து கொடுக்கிறவர். ஆனால் தான் அழைத்த குழு தன் தோட்டத்தில் ஓர் அற்புதம் செய்யப்போகிறது என்ற சந்தோஷம் அவர் கண்ணை மறைத்துவிட்டது. "கர்த்தர் ஒரு வழி திறக்கேக்கை நாங்கள் அடைக்கக்கூடாது, சரோஜினி" என்றார்.

நானும் அதற்கு மேல் இழுக்கவில்லை. பொழுது சாயட்டும், அங்கம்மாவின் கால் பதில் சொல்லும், லொறி பிள்ளை இல்லாமல் போகும், யாருக்கும் மனத்தாங்கல் இராது என்று கணக்குப் போட்டேன். அங்கம்மாவும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் நடந்தது. போதகர் படச்சுருளைத் தொங்கவிட்டு, சூம்பிய கையை ஆண்டவர் நீட்டச் சொன்ன கதையைச் சொன்னார். பிறகு காத்தாயியைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "இந்தக் குழந்தையோட கையையும் ஆண்டவர் நீட்டப் போறார். தாய் சம்மதிச்சுட்டா!" என்றார். லயத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. பெரிய கங்காணியும் வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல் இருந்தார். தோட்ட மனேஜரான துரைக்குச் செய்தி போய், தோட்டத்து லொறியே பண்டாரவளைவரை போகட்டும் என்று உத்தரவும் வந்தது.

லொறியில் பெட்டிகள் ஏறின. அங்கம்மாவைக் காணவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். நல்லது, முடிந்தது காரியம் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு லொறிக்குப் பின்பக்கம் போனேன்.

மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே காத்தாயி உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவி, தலையில் எண்ணெய் வைத்து, பொட்டு இட்டிருந்தாள். எல்லாம் தானே செய்துகொண்டது. பொட்டு நெற்றியின் ஓரத்தில் இருந்தது. மடியில் ஒரு சின்னத் துணிமூட்டை.

"இறங்கு பிள்ளை. அம்மா எங்கை?"

"அம்மாதான் போகலாம்னு சொல்லிருச்சுங்களே" என்றாள்.

எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல இருந்தது. நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் ஒரு வழக்கத்தை நம்பிக்கொண்டு சும்மா இருந்துவிட்டோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வழக்கம் எப்படித் தெரியும்? பெரட்டில் நின்று பழகியவளா அவள்? தாய் ஆமாம் என்றால் ஆமாம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

"தாய் வழியனுப்ப மனசு கேக்காம ஒதுங்கியிருப்பா. மலைப் பாதை, இருட்டுக்கு முன்ன போயிடணும்" என்றார் போதகர்.

"அவங்கள ஒரு தடவை பாக்காம நான் வண்டியில ஏற மாட்டேன், ஐயா" என்றார் டாக்டர். அந்த வார்த்தை மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயம்.

நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு லயத்துப் பக்கம் ஓடினேன். அங்கம்மா லயத்துக்குப் பின்னால் மலைநீர் விழும் பீலியடியில் இருந்தாள். முகாமில் இரத்தமும் சீழும் பட்ட துணிகளைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கம்மா! உன்ர பிள்ளை லொறியிலை ஏறி இருக்குது!"

துணி கையிலிருந்து நழுவி விழுந்தது. "யாருங்க ஏத்தினது?"

"ஒருத்தரும் ஏத்தேல்லை. நீ ஓமெண்டு சொன்னதைக் கேட்டு அதுவே ஏறியிருக்குது."

அவள் அப்படியே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தம்மா அம்புட்டு அன்பாக் கேட்டாங்க. மொகத்துக்கு நேரா வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. நான் போகலைன்னா புரிஞ்சுக்குவாங்கன்னு இருந்தேன்."

"அவை வேறை இடத்து ஆக்கள். அவைக்கு எப்பிடி விளங்கும்?"

"நம்ம ஊருன்னு சொன்னாங்களேம்மா." அவள் குரல் திடீரென்று உயர்ந்தது. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "எது எனக்கு ஊரு? எங்க தாத்தா காலத்துல வந்தது. எனக்கு அங்க ஒரு நாய்க்குட்டியக் கூடத் தெரியாது. இந்தப் புள்ள போயி, அதுனால மனு தள்ளுபடியாயிருச்சுன்னா மத்த மூணு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நான் எந்தத் தெருவுல நிப்பேன்? கை வேணாங்களா? வேணும்ங்க. ராவும் பகலும் எனக்கு அந்தக் கைதாங்க நெனப்பு. நான்தானே விட்டுட்டுப் போனேன் அன்னைக்கு."

இரண்டு கண்ணில் எதைக் கெடுக்கட்டும் என்று கேட்டால் எந்தத் தாய் பதில் சொல்வாள்?

"வா. வந்து நீயே சொல்லு. லொறி போகப்போகுது."

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க காலப் புடிக்கிறேன்."

"நான் சொன்னால் நான் தடுத்ததாகத்தான் எடுப்பினம். நீ தாய். நீ சொன்னால்தான் சரி."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். லொறியைச் சுற்றிப் பாதி லயம் கூடியிருந்தது. டாக்டர் சிரித்த முகத்தோடு எதிரே வந்து அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டீங்களா? மனசத் தேத்திக்கோங்க. நல்ல கையோட கொண்டாந்து விடுறேன்."

அங்கம்மா வாயைத் திறந்தாள். டாக்டரின் முகத்தைப் பார்த்தாள், போதகரைப் பார்த்தாள், துரையின் லொறியைப் பார்த்தாள். அவர்கள் ஒருவரிடமும் அவளால் மறுக்க முடியவில்லை. கடைசியில் தன்னுடைய பிள்ளையிடம்தான் மறுத்தாள்.

"காத்தாயி, எறங்கு."

"நீதானேம்மா ஆமான்னு சொன்ன!"

"எறங்குடி."

"நான் போறேன். அந்தம்மா கையப் பிரிச்சு விடுறேன்னு சொன்னாங்க. நான் போறேம்மா!"

அங்கம்மா ஏறி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள். காத்தாயி லொறியின் பக்கப் பலகையை இரண்டு கையாலும் பற்றினாள். இடக்கை பிடித்துக்கொண்டது. வலக்கைக்குப் பிடிக்க விரல் இல்லை. அது பலகையின் மேல் வழுக்கி வழுக்கி வந்தது. ஒற்றைக் கை எவ்வளவு நேரம் தாங்கும்? பிடி விட்டு இரண்டு பேருமாகப் புழுதியில் விழுந்தார்கள். பிள்ளை தாயின் தோளைக் கடித்தது. அங்கம்மா வலித்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டர் விறைத்துப்போய் நின்றார். "நாங்க பலவந்தம் பண்ணலியேம்மா. நீங்கதானே..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் நான் குறுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிரஜாவுரிமை மனுவை, கச்சேரியை, பக்கத்துத் தோட்டத்துக் குடும்பத்தை, கங்காணியின் கட்டளையை எல்லாம் சொன்னேன். அவர் கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. "நாங்க இங்க வெளிநாட்டுக்கு வந்திருக்கோம்னுதான் நினைச்சோம். இவங்களுக்கு எங்க ஊரு வெளிநாடுன்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போதகர் பொறுக்கவில்லை. "எல்லாம் விசுவாசக் குறைவு. கர்த்தர் கொடுத்ததைத் தட்டிவிட்டா" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஐயா, உங்கட பாஸ்போட்டை அவளுக்குக் குடுத்துப்போட்டு இஞ்சை இருந்து விசுவாசியுங்கோ பாப்பம்" என்றேன். என் கணவர் என்னை அடக்கப் பார்த்தார். நான் அடங்கவில்லை. சேர்ச்சில் அதைப் பற்றிப் பல காலம் பேசினார்கள், பேசட்டும்.

லொறி போயிற்று. டாக்டர் கடைசியாக இறங்கி வந்து காத்தாயியின் தலையைத் தடவினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கம்மா எழுந்து, பீலியடியில் விட்டு வந்த துணிகளை அலசப் போனாள். அந்தத் துணிகளுக்கு இனிச் சொந்தக்காரர் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு காத்தாயி தாயோடு முகம் கொடுத்துப் பேசியது குறைவு. சொன்ன வேலையைச் செய்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். பெரியவளானதும் அவளும் பிள்ளைக் காம்பராவில் தாய்க்கு ஒத்தாசையாகப் போய்வந்தாள். இடக்கையால் ஏணை ஆட்டுவாள். டாக்டர் லீதியாள் இரண்டு மூன்று கிறிஸ்மஸுக்கு வாழ்த்து எழுதி, பிள்ளை எப்படி என்று கேட்டார். பிறகு அவரும் எழுதவில்லை.

சடையனின் விசாரணை இழுபட்டு இழுபட்டு, ஐம்பத்தொன்பதாம் ஆண்டில்தான் முடிவு வந்தது. மனு தள்ளுபடி. பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இளந்தாரியாக அவன் வேலை செய்த ஏதோ ஒரு தோட்டத்தில் அவன் இருந்ததற்கு அத்தாட்சி போதாதாம். அந்தக் காரணம் காத்தாயி பிறப்பதற்கு முன்னாலேயே இருந்த காரணம்.

அன்றைக்கே அங்கம்மா காத்தாயியை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவரிடம் பிள்ளையின் கையை நீட்டிக் காட்டினாள். "எப்பிடியும் இனி எங்கள அங்கதான் அனுப்புவாங்கன்னு சொல்றாங்க. அப்ப அந்த டாக்டரம்மாகிட்ட காட்டலாங்களாய்யா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரல் ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தார். பிறகு கையை மெல்ல விட்டார்.

"எலும்பும் சேர்ந்து இறுகிப் போச்சுது, அங்கம்மா. இனி ஒருத்தராலையும் ஏலாது."

அங்கம்மா மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இந்த மண்ணு கெடைக்கும்னுதானேம்மா இந்தப் புள்ள கைய நான் குடுத்தேன்" என்றாள்.

காத்தாயி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.